ஒரு கிண்ணம் அதே

எங்கள் வீட்டில் ‘அதே’ என்று ஒரு சாப்பாடு இருப்பது, வருடக்கணக்கில் அதைச் சமைத்துக்கொண்டிருந்த எனக்கே தெரியாது. என் மகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவளுக்கு வயது ஆறு. பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவில் இருந்ததால் அவள் அப்பா சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

நான் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிற வேலை. இவர் கண்ணாடி வேலை செய்கிறவர். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துவார். இரண்டு பேரும் வீட்டுக்குள் கால் வைக்கும்போது மாலை ஆறரை ஆகிவிடும். சுண்டுவுக்கு எட்டு மணிக்குக் கண் சொக்கும். இடையில் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் சமைத்து, ஊட்டி, குளிப்பாட்டி, வீட்டுப்பாடம் பார்த்து, வீட்டையும் வீடு மாதிரி வைத்திருக்க வேண்டும். இதில் ‘குழந்தையோடு தரமான நேரம் செலவிடுங்கள்’ என்று பள்ளியிலிருந்து துண்டுச்சீட்டு வேறு வரும். அந்தச் சீட்டை மடித்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே குறுக்கு வழிதான். குளிக்கும்போதே குளியலறைச் சுவரையும் தேய்த்துவிடுவேன். கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார நேரமில்லை, கத்தரிக்கோல்தான். இவர் சட்டையை உதறிய இடத்தில் கண்ணாடித் தூள் கிடக்கும். ஈரமாக்கிய நாளிதழால் ஒற்றி எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மிச்சத்துக்குக் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை அழுத்தி எடுத்துக் குப்பையில் போடுவார். சுண்டு தன் பழைய காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு நாற்காலிக் கால்களைத் துடைப்பாள். அவளுக்கு அது யானைகளைக் குளிப்பாட்டும் விளையாட்டு, எனக்கு ஒரு வேலை மிச்சம்.

சாப்பாட்டுக்கான குறுக்கு வழி ஞாயிற்றுக்கிழமை. வெங்காயம், பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, ஒரு படி பருப்பு எல்லாவற்றையும் ஒரே பெரிய பானையில் போட்டு வேகவைத்து மசித்து, ஆறியதும் ஐஸ் தட்டுகளிலும் சின்ன டப்பாக்களிலும் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன். திங்கள் முதல் சனி வரை அதுதான் ஓடும். நாலு கட்டியை எடுத்துச் சூடாக்கிச் சோற்றில் விட்டுப் பிசைந்தால் ஒரு நாள், ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டால் இன்னொரு நாள். தண்ணீர் சேர்த்தால் சூப், முட்டையை உடைத்து ஊற்றினால் விருந்து. பானை ஒன்று, வேஷம் ஆறு.

இவர் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே இன்று என்ன என்று கேட்பார். நான் திரும்பிப் பார்க்காமல் “அதே” என்பேன். அந்த ஒரு வார்த்தையில் என் அலுப்பு, கோபம், வெட்கம் எல்லாம் இருக்கும். தினமும் ஒரே கேள்வி, தினமும் ஒரே பதில். ஒரு குழந்தை பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பானை ஒரு வாரம்கூடத் தவறாமல் அடிப்பிடிக்கும். பானையை அடுப்பில் வைத்துவிட்டு, அது வேகிற நேரத்தில் ஒரு வாரத் துணியை மடித்துவிடலாம் என்று பால்கனிக்குப் போவேன். மடித்துக்கொண்டே இருப்பேன். வாசனை வரும். துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன். அடிப்பிடித்ததற்கும் என்னிடம் குறுக்கு வழி உண்டு. கரண்டியை உள்ளே விட்டுக் கிளறவே கூடாது. மேலே இருப்பதை அலுங்காமல் வேறு பாத்திரத்தில் சாய்த்துவிட வேண்டும். அடியில் ஒட்டியதற்குத் தண்ணீர் விட்டு, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் தோல் மாதிரி தானாக உரிந்து வந்துவிடும். என்ன செய்தாலும் லேசான ஒரு வாசனை மட்டும் சாப்பாட்டில் தங்கிவிடும். யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்குத் தெரியும். இவருடைய அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது, மூக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டு வாசலில் நின்று, “ஏதோ அடிப்பிடிச்ச மாதிரி இருக்கே” என்பார். அந்த ‘மாதிரி’தான் எனக்கு அவர் காட்டுகிற மரியாதை. நல்லவர். எதையும் குத்திக்காட்டிப் பேச மாட்டார், பார்த்துவிட்டுப் பேசாமல் துடைத்து வைத்துவிட்டுப் போவார். அதுதான் எனக்கு இன்னும் எரியும். போன பிறந்தநாளுக்கு எனக்கு அடிகனமான பாத்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அடிப்பிடிக்காதாம். அதை மேல் அலமாரியில் ஏற்றி வைத்தேன்.

சுண்டுவுக்கு டான்சில் எடுக்க வேண்டும் என்று தேதி குறித்தபோது மருத்துவமனையில் ஒரு கையேடு கொடுத்தார்கள். அறுவைக்குப் பிறகு ‘புதிதாகச் சமைத்த, மிருதுவான, ஆறிய உணவு’ கொடுக்கச் சொல்லி அதில் போட்டிருந்தது. ‘புதிதாகச் சமைத்த’ என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. யாரோ என் ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. இந்தப் பிள்ளைக்கு நான் ஒரு நாளாவது நின்று நிதானமாகச் சமைத்துப் போட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். புதன்கிழமை சாயங்காலம், ஃப்ரீசரில் இருந்த அத்தனை கட்டிகளையும் எடுத்துக் கொட்டினேன். ஐஸை உருகவிட்டு, துண்டு போட்டு ஒற்றி, பளபளவென்று துடைத்து வைத்தேன். நாலு நாள் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என் மகளுக்குப் புதிதாகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அறுவை நன்றாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் சுண்டு விழுங்க மறுத்தாள். வலிக்கும் என்ற பயம். ஐஸ்கிரீமை நாக்கில் வைத்துக்கொண்டு கரைந்து வழிகிறவரை வாயைத் திறந்தே வைத்திருந்தாள். இரவு இவரைத் துணைக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நான், விடியற்காலையில் எழுந்து பூசணிக்காயைப் பாலில் வேகவைத்து, வடிகட்டி, பட்டுப்போல மசித்துக் கொண்டுபோனேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு உதட்டை இறுக்கிவிட்டாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்திருந்தார்கள். அவள் அதில் பூனைதான் வரைந்துகொண்டிருந்தாள்.

நோயாளிகளைப் பார்த்துச் சுற்றி வந்த டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, மாலை ஆறு மணிக்கு மறுபடி வருவதாகவும், அதற்குள் ஒரு கிண்ணமாவது உள்ளே போயிருந்தால் சரி, இல்லையென்றால் திரும்பவும் ஊசி குத்தி டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் ஊசி என்ற சொல் சுண்டுவின் காதில் விழுந்துவிட்டது. முதல்நாள் ஊசி ஏற்றிய கையில் நீலம் பாய்ந்திருந்தது. அந்தக் கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். தேம்பினால் தொண்டை வலிக்கும் என்று சத்தமே இல்லாமல் அழுதாள். ஆறு வயதுப் பிள்ளை அழுகையை அடக்கி அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அப்படி ஒன்றை எந்தத் தாயும் பார்க்க வேண்டாம்.

பணிமனைக்குப் பேச நான் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது, நர்ஸம்மா கட்டில் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். மேசையில் மூன்று கிண்ணம் கஞ்சி. காலையில் மருத்துவமனைக் கஞ்சியைக் கொடுத்துப் பார்த்தாராம், சுண்டு தள்ளிவிட்டாள். பிறகு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ‘அதே வேணும்’ என்று எழுதிக் காட்டினாளாம். சரி, மனசு மாறிவிட்டது போல என்று அதே கஞ்சியைக் கொண்டுவந்தார். மறுபடி தள்ளினாள். மறுபடி எழுதினாள், இந்த முறை பெரிதாக. மறுபடி கஞ்சி வந்தது.

“அதே கேக்குறா, அதே குடுத்தா வேணாங்குறா. உங்க பொண்ணை எனக்குப் புரியலம்மா,” என்றார் நர்ஸம்மா.

எனக்கும் புரியவில்லை. சரியாக அப்போது இவர் வேலையிலிருந்து பாதி நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். ‘அதே’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சுண்டு ஒரு பானையும் வரைந்திருந்தாள். இவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது.

“ஏம்மா, தினமும் நான் வந்து என்ன கேப்பேன்? நீ என்ன சொல்லுவ?”

“அதேன்னு...” என்று இழுத்தேன்.

“அதான். அவ அதைச் சாப்பாட்டுப் பேருன்னு நினைச்சிருக்கா. நம்ம வீட்டு அதே.”

சுண்டு தலையை ஆட்டினாள். இவ்வளவு நேரம் ஆனதா உங்களுக்கு என்பதுபோல எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. என் அலுப்புக்கு நான் வைத்த சொல்லை என் மகள் ஒரு பதார்த்தத்தின் பெயர் என்று மனதில் வைத்திருக்கிறாள். பள்ளியில் யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாளோ என்று கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேட்டுவிட்டாள். கொடுத்தால் சாப்பிடுவாள், ஊசி வேண்டியிருக்காது. ஃப்ரீசர்தான் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி காலியாக இருந்தது. இரண்டு நாள் முன்பு கொட்டியதை நினைத்து என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு பதினொன்று நாற்பது வண்டியைப் பிடித்தேன்.

இந்தத் தடவை குறை ஒன்றும் இருக்கக் கூடாது என்று அண்ணி கொடுத்த அடிகனமான பாத்திரத்தை இறக்கினேன். புதுக் கேரட், புதுப் பருப்பு. அடுப்பை விட்டு நகரவில்லை. முக்கால் மணி நேரம் கிளறிக்கொண்டே நின்றேன். தொலைபேசி அடித்தபோதுகூட எடுக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ஒழுங்காக நான் சமைத்ததில்லை. நிறம் தங்கமாக இருந்தது.

டப்பாவைத் திறந்ததும் சுண்டு எழுந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து மூச்சை இழுத்தாள். புருவம் சுருங்கியது. எனக்காக ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி, வலியோடு விழுங்கினாள். பிறகு பென்சிலை எடுத்து, ‘இது அதே இல்ல’ என்று எழுதினாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது. அதே கேரட், அதே பருப்பு, அதே பூண்டு, அம்மா அதே அம்மா, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று படபடவென்று பொரிந்து தள்ளினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுண்டு பயப்படவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி ஒரு பானை வரைந்தாள். அதன் அடிப்பக்கத்தை மட்டும் கறுப்பாகத் தீட்டினாள். தீட்டிக்கொண்டே இருந்தாள், பென்சில் முனை உடைகிற வரை.

இவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்க.”

“இது அடிப்பிடிக்கல.”

இவர் தொடர்ந்து, மெதுவாக, கண்ணாடியைக் கீறி உடைக்கிற ஜாக்கிரதையோடு பேசினார். தனக்கும் அந்த வாசனைதான் பிடிக்கும் என்றார். மாடிப்படி ஏறும்போதே அது வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று மனசு நிம்மதியாகும் என்றார். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்வேன் என்று பயமாம். அது உண்மைதான். எடுத்துக்கொண்டிருப்பேன்.

சுண்டு கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். மணி இரண்டேகால். ஆறு மணிக்கு டாக்டர் வருவார். மறுபடி வீட்டுக்குப் போய்ச் சமைத்து, அங்கிருந்து ஐந்து மணி ஐந்து நிமிட வண்டியைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். அதை விட்டால் அடுத்தது ஐந்தே முக்கால், அது உதவாது. எங்கள் பணிமனை வண்டிகளின் லட்சணம் என்னைவிட யாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருந்தது. அண்ணியிடம் ஒரு சாவி உண்டு. நாங்கள் மருத்துவமனையில் அல்லாடுகிறோமே என்று அச்சகத்திலிருந்து சீக்கிரமாகக் கிளம்பி வந்து வீட்டை ஒழுங்குபடுத்தியிருந்தார். தரை மினுங்கியது. என் பழைய மெல்லிய பானையைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கியிருந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்று அந்தப் பானையைப் பறிக்காத குறையாக வாங்கி அடுப்பில் வைத்தேன். அவர் உள்ளறை ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் அரிந்து போட்டு, தீயைப் பெரிதாக வைத்துவிட்டு, அடிப்பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அது பொங்கியது. நுரைத்தது. அடுப்பு முழுக்க வழிந்தது. கருக மட்டும் மாட்டேன் என்றது. அடங்காத பிள்ளைகூட நாம் முறைத்துக்கொண்டு நின்றால் அடங்கி உட்கார்ந்திருக்குமே, அந்தப் பானை அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. என் கை வேறு, பழக்க தோஷத்தில், கரண்டியை எடுத்து இரண்டு முறை கிளறிவிட்டது. மணி மூன்று ஐம்பது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்துக்கொண்டு நின்று நான் எந்தக் காலத்திலும் எதையும் அடிப்பிடிக்கவிட்டதில்லை. அதற்கு நான் மறக்க வேண்டும். மறக்க வேண்டுமென்றால் துணி மடிக்க வேண்டும்.

பால்கனிக்கு ஓடினேன். கொடி காலியாக இருந்தது. அண்ணி எல்லாவற்றையும் மடித்து, வகை பிரித்து, அலமாரியில் வைத்திருந்தார், ஓரம் ஓரமாகப் பொருந்தி, புத்தகம் அடுக்கியது போல. யோசிக்க நேரமில்லை. அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் வாரிக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாக உதறி விரித்து, மறுபடி மடிக்க ஆரம்பித்தேன்.

அண்ணி கையில் துடைக்கிற துணியோடு வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தான் மடித்ததில் ஏதோ குறை என்று நான் அவர் கண் முன்னாலேயே பிரித்துப் போட்டுத் திருத்துகிறேன் என்று நினைத்தாரோ, குழந்தைக்கு ஏதாவது ஆகி எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாரோ. நான் விளக்கம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் பானை ஞாபகம் வந்துவிடும். இவர் சட்டையை மடித்தேன், சுண்டுவின் பாவாடையை மடித்தேன். பாவாடை ஓரத்தில் கிழிசல் இருந்தது. எப்போது கிழித்தாள், எங்கே விழுந்தாள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மனசு அதன் பின்னாலேயே போய்விட்டது.

வாசனை வந்தது.

எனக்கு முன்னால் அது அண்ணியின் மூக்குக்கு எட்டிவிட்டது. நான் கையிலிருந்த பாவாடையை வைப்பதற்குள் அவர் அடுக்களைக்குள் பாய்ந்து அடுப்பை அணைத்து, கரண்டியை விட்டு அடிவரை கிளறி, அரைக் குவளைத் தண்ணீரும் ஊற்றிவிட்டார்.

“நல்ல வேளை, அடிப்பிடிக்க இருந்துச்சு. காப்பாத்திட்டேன்,” என்றார், மூச்சிரைக்க.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். ஊசியை, கஞ்சியை, ‘அதே’ என்பது என்ன என்பதை, வாராவாரம் அடிப்பிடிப்பதை, சோடா போட்டு அதை மறைப்பதை, ஃப்ரீசரைக் கொட்டியதை, கறுப்பாகத் தீட்டிய பானையை. அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நான் எதையெல்லாம் பொத்தி வைத்தேனோ அதையெல்லாம் என் வாயாலேயே சொன்னேன்.

அண்ணி கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, அவரே அடுப்பைப் பற்றவைத்தார்.

“எவ்வளவு கருகணும்?”

“தெரியாது அண்ணி. வாசனை வந்து நான் ஓடி வர்ற வரைக்கும்.”

“அப்ப இங்க நிக்காத. வா, மடிப்போம்.”

படுக்கை விரிப்பின் இரண்டு முனையை அவர் பிடித்துக்கொண்டார், இரண்டை நான். மடித்துக்கொண்டே நெருங்கி, முனைகளை என் கையில் கொடுக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நான் பக்கத்துலயே நின்னு நின்னு சமைச்சிருக்கேன். ஒண்ணுகூட அடிப்பிடிச்சதில்ல. என் பிள்ளைங்க எதுக்கும் பேர் வச்சுக் கேட்டதில்ல.”

விரிப்பை வாங்கி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நேரமாகிறது என்று அவர் துண்டை எடுத்து உதறினார். ஒரு விரிப்பு, மூன்று துண்டு, இவருடைய நாலு சட்டை. ஐந்தாவது சட்டையில் இருவரும் பேச்சை நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி மூக்கை உயர்த்தினார். இந்த முறை ‘மாதிரி’ என்று சொல்லவில்லை.

“அடிப்பிடிச்சிருச்சு,” என்றார். ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி சொன்னார்.

மேலே இருப்பதைச் சாய்த்து எடுத்து, பாத்திரத்தைத் தண்ணீரில் நிற்கவைத்து ஆற்றி, டப்பாவில் ஊற்றிக்கொண்டு தெருவில் ஓடினோம். அண்ணி அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எனக்குத் தெரியாது. ஐந்து ஐந்து வண்டி நகர ஆரம்பித்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்த ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். அரை நிமிடத் தாமதத்துக்கெல்லாம் நான் காரணம் கேட்டுக் கடிந்துகொள்கிற ஆள். ஏறினதும், “இதை எழுதிராதீங்க, மேடம்,” என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. நான் டப்பாவின் மூடியை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. சுண்டுவின் மூக்கு விடைத்தது. அவள் அப்பாவின் கையை எட்டிப் பிடித்து உலுக்கினாள். பிறகு வாயைத் திறந்தாள். முதல் வாய்க்கு முகம் சுளித்தாள், வலிதான். நான் கரண்டியை நிறுத்தினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக மூடி விழுங்கி, உடனே அடுத்ததுக்கு வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியானதும் விரலால் வழித்து நக்கினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

நர்ஸம்மா அட்டையோடு வந்து என்னடா செல்லம் சாப்பிட்டாய் என்று கேட்டார். அறுவைக்குப் பிறகு சுண்டுவின் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. கரகரவென்று, ஆனால் தெளிவாக, “அதே” என்றாள்.

நர்ஸம்மா அப்படியே எழுதிக்கொண்டார். ஆறு மணிக்கு வந்த டாக்டர் அட்டையை எடுத்துச் சத்தமாகப் படித்தார். காலை: கஞ்சி, மறுப்பு. மாலை: அதே, முழுக் கிண்ணம். ஊசி வேண்டாம், நாளைக் காலை வீட்டுக்குப் போகலாம் என்றவர், நர்ஸம்மா பக்கம் திரும்பி, கடைசியில் நம் மருத்துவமனைக் கஞ்சிதான் ஜெயித்தது என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் இவரும் அண்ணியைப் பார்த்தோம். அண்ணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கண் முன்னால் வந்த பிழையை அவர் திருத்தாமல் விட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். மறுநாள் காலை மரியாதையாக ஒரு பெரிய கிண்ணம் கஞ்சி வந்தது. இவர் குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வெங்காயம் அரிந்து, பானையை ஏற்றினேன். ஏற்றிவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்பெல்லாம் அது தானாக நடந்தது, இப்போது தெரிந்து செய்ய வேண்டும். தெரிந்து எப்படி மறப்பது? கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளூர, இவ்வளவு நடந்த பிறகும், ஒரு நல்ல அம்மா பக்கத்தில் நின்றுதானே சமைப்பாள் என்ற எண்ணமும் போகவில்லை.

சுண்டு கையில் காலுறைகளோடு அடுக்களைக்குள் வந்தாள். குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. பானையை எட்டிப் பார்த்தாள். வெளியே கொடியில் ஒரு வாரத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு இரண்டு காலுறைக் கையாலும் என் இடுப்பில் முட்டுக் கொடுத்துத் தள்ளினாள்.

“ஏம்மா இங்கயே நிக்கிற? நீ போய்த் துணி மடி.”

கரண்டியை வைத்துவிட்டுப் போனேன்.